அணில் நாயைச் சுட்டது யார்?

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஆர்டித் ஃபியூகேட் விஷயத்தில் வாயைத் திறந்தது ஒரு தவளை, மாட்டிக்கொண்டது வேறொரு தவளை. அப்படி மாட்டிக்கொண்டவள் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்தை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கி வருவதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்ததும், ஆர்டித்துக்குக் கையிலிருந்த காபி கசந்தது.

அமெரிக்காவின் கென்டக்கி மலைக்காடுகளில் இருபது வருடம் வேட்டைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவள் ஆர்டித். ஓய்வுக்குப் பிறகும் லாரல் கிளைப் பள்ளத்தாக்கில் நாய் காணாமல் போனாலும் வேலிக் கம்பி நகர்ந்தாலும் போலீஸ் அதிகாரியான ஷெரிஃபுக்கு முன்னால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் துப்புச் சொன்னால் தப்பாது என்று பெயர். அந்தப் பெயர்தான் இப்போது டாம்சி ஸ்டிடமின் குடியைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

"உள்ள வா, டாம்சி."

"வேண்டாங்க்கா. நின்னே சொல்லிட்டுப் போறேன்." டாம்சி வாசல்படிக்குக் கீழேயே நின்றுகொண்டாள். "காலையில பஸ்ஸுல பாதி சீட்டு காலி. ஏறுன மிச்சப் புள்ளைங்க எறங்கறப்ப என்ன செஞ்சுதுங்க தெரியுமா? ஒவ்வொண்ணும் என் காதுகிட்ட வந்து குரைச்சிட்டு எறங்குச்சு."

ஆர்டித்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பேருந்தின் சக்கரத்தைப் பார்த்தாள்.

"நாளைக்குச் சாயங்காலம் பள்ளிக்கூட போர்டு கூடுது. நாயைச் சுட்டவ கையில புள்ளைங்கள ஒப்படைக்க மாட்டோம்னு மனு குடுத்திருக்காங்க. இந்த வேலை போனா எங்க வீட்டுல அடுப்பு எரியாது. நான் சுடலக்கா. ஆனா நீங்க நாலு பேரு நடுவுல நின்னு சொன்னீங்க. ஒண்ணு, நான்தான்னு நிரூபிங்க. இல்ல, சொன்னதைத் திருப்பி வாங்குங்க."

பேருந்து கிளம்பிப் போன பிறகும் ஆர்டித் அங்கேயே நின்றாள். அவள் திங்கட்கிழமை சொன்னது ஒரே ஒரு வார்த்தைதான்.

ஓர்பின் காடிலின் அணில் நாய் பட்டன் சனிக்கிழமை காணாமல் போயிற்று. சங்கிலியிலிருந்து நழுவி ஓடிவிட்டது என்றார் ஓர்பின். மறுநாள் அது ஸ்டிடம் மேட்டுக் காட்டில் குண்டடிபட்டுக் கிடந்தது. சாம்பல் நிறக் குட்டை நாய், மரத்தில் அணிலைக் கண்டால் அடிமரத்தில் கால் வைத்து நின்று ஆள் வரும்வரை விடாமல் குரைக்கும். சுற்றியுள்ள மூன்று மாவட்டத்திலும் அதற்கு ஜோடி கிடையாது. நாயின் கயிற்றுக்கு ஒரு கை, முட்கிளையை விலக்க ஒரு கை. நீளத் துப்பாக்கியைத் தூக்க மூன்றாவது கை இல்லாததால் லாரல் கிளையில் அணில் வேட்டைக்குப் போகிறவர்கள் இடுப்பில் பாயின்ட் இருபத்திரண்டு கைத்துப்பாக்கியைத்தான் செருகிக்கொள்வார்கள். சுண்டு விரல் நுனியளவு தோட்டா. விளிம்பில் தட்டினால் வெடிக்கும். அணிலை விழுத்தும், கறியைக் கெடுக்காது.

நாய் கிடந்த இடத்தில் பொறுக்கிய காலித் தோட்டாக் கூடுகளைத் திங்கட்கிழமை காலை நேப்பியர் கடையில் ஒரு புகையிலை டப்பாவில் வைத்து அவளிடம் நீட்டினார்கள். ரிவால்வர் சுட்ட கூட்டை வயிற்றிலேயே வைத்துக்கொள்ளும். தரையில் துப்புவது ஆட்டோமேட்டிக் மட்டும்தான். அவள் டப்பாவைப் பார்த்துவிட்டு "ஆட்டோமேட்டிக்" என்றாள். பள்ளத்தாக்கில் மற்றவர்கள் எல்லாரிடமும் ரிவால்வர். ஆட்டோமேட்டிக் இருந்தது டாம்சியிடம் மட்டும். போதாததற்கு அவளுடைய கோழி இரண்டைப் பட்டன் கடித்ததும், அடுத்த தடவை சுட்டுப் போடுவேன் என்று அவள் அதே கடையில் கத்தியதும் ஊருக்கே தெரியும். ஷெரிஃப் அவள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார். நாயைப் புதைத்தாகிவிட்டது, குண்டுக்காக அதைத் தோண்ட வேண்டாம் என்று ஓர்பின் கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டார்கள். கொட்டிய வார்த்தையை அள்ள முடியாது என்று ஆர்டித்துக்குத் தெரியும், ஆனால் அள்ளிப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

"கெளம்பு," என்றாள் பின்வாசலில் உட்கார்ந்து சோள ரொட்டி தின்றுகொண்டிருந்த ஹோபர்ட்டிடம்.

ஹோபர்ட் அவளுடைய இறந்துபோன கணவனின் தம்பி. வண்டி ஓட்டுவது, காபி போடுவது, தேவையில்லாத இடத்தில் ஜோக்கடிப்பது மூன்றும் அவன் பொறுப்பு. நாயைக் காட்டில் கண்டெடுத்தவனும், கூடுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டவனும் அவன்தான்.

"எங்க அண்ணி? தலைமறைவாவா?"

"நாய் கெடந்த எடத்துக்கு."

"அன்னைக்கே நான் கூப்பிட்டேன். டப்பா போதும்னீங்க."

அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அவன் சொன்னது உண்மைதான்.

ஸ்டிடம் மேட்டில் இலையெல்லாம் கொட்டி முடிந்திருந்தது. ஹோபர்ட் ஒரு பெரிய ஹிக்கரி மரத்தடியைக் காட்டினான். அங்கிருந்து பத்துப் பதினைந்து எட்டுத் தள்ளிச் சரிவில் நாய் கிடந்த இடம்.

"கூடு எல்லாம் எங்கெங்க கெடந்துச்சு? ஒவ்வொரு எடத்துலயும் ஒரு குச்சி நடு."

ஹோபர்ட் ஒரே ஒரு குச்சியை ஒடித்து மரத்தின் வேர்ப் பள்ளத்தில் நட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டான்.

"மிச்சம்?"

"மிச்சம் இல்ல அண்ணி. அஞ்சும் இங்கதான், முயல் புழுக்கை மாதிரி ஒரே குவியலா கெடந்துச்சு. ஒரே அள்ளுல அள்ளிட்டேன்."

ஆர்டித் குனிந்து அந்தப் பள்ளத்தைப் பார்த்தாள். ஆட்டோமேட்டிக் கூட்டைத் துப்பினால் வலது பக்கம் ஆறடி தள்ளி விழும். ஒன்று இங்கே, ஒன்று புதரில், ஒன்று சட்டைக் காலருக்குள். ஐந்தும் ஒரே பள்ளத்தில் விழ வேண்டுமென்றால் யாரோ ரிவால்வரின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, கம்பியால் ஒவ்வொன்றாகத் தள்ளியிருக்க வேண்டும். மறுபடி தோட்டா போடுவதற்காக.

"இதை ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே. டப்பாவைத் தொறந்தீங்க, தீர்ப்பச் சொன்னீங்க, காபியக் குடிச்சீங்க. தீர்ப்புக்கும் காபிக்கும் நடுவுல நான் எங்க பேசறது?"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அவளுக்குக் காது மடல்கள் சுட்டன. இருபது வருடம் கள்ள வேட்டைக்காரர்களைப் பிடித்தவள், எங்கே கிடந்தது என்ற முதல் கேள்வியைக் கேட்கவில்லை. கடையிலிருந்த அத்தனை பேரும் தன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குப் பிடித்திருந்தது. காரணம் அவ்வளவுதான்.

"சரி, ரிவால்வர்," என்றாள். "அப்ப டாம்சி இல்ல. அஞ்சு கூடு ஏன்? ரிவால்வர்ல ஆறு போடலாம்."

"பழைய மாடல்னா அஞ்சுதான். தட்டற சுத்தியல் ஒக்கார்ற தோட்டா அறையக் காலியா விட்டுடுவாங்க, கீழ விழுந்தா தானா வெடிச்சிடக் கூடாதுன்னு. இப்ப வர்றதுல அந்த பயம் இல்ல, எல்லாரும் ஆறு போடறாங்க. இன்னும் அஞ்சு போடறவங்க நம்ம பக்கத்துல ரெண்டே பேருதான். ஒண்ணு எங்கப்பா. அவரு செத்துப் பல வருஷம் ஆச்சு, அவர விட்டுடலாம்."

"இன்னொருத்தர்?"

ஹோபர்ட் வாயைத் திறந்தான், மூடினான். அபூர்வமான காட்சி.

"சொல்லு."

"அவரா இருக்காது அண்ணி. ஒத்தத் தோட்டா ஓர்பினுக்கு ஒரு அணிலுக்கு அஞ்சு தோட்டாவா? அவரு தும்மிக்கிட்டே சுட்டாக்கூட அணிலு தலையில பொட்டு வெச்ச மாதிரி விழும். அதுவும் சொந்த நாய. யாராவது அவரு துப்பாக்கியத் திருடிட்டு வந்திருப்பான்."

அப்படி இருக்க வேண்டும் என்று ஆர்டித்தும் ஆசைப்பட்டாள். ஊரே மாமா என்று கூப்பிடும் ஓர்பின், தேவாலயச் சபையில் முன் வரிசை ஆள். அறுபது வருடமாக இந்தக் காட்டில் நடப்பவர். "நாய் எப்படிக் கண்ணுல பட்டுச்சு உனக்கு? அது நெறமும் சருகு நெறமும் ஒண்ணாச்சே."

"கழுத்துப் பட்டைதான். ஆரஞ்சுக் கலர்ல பளீர்னு தெரிஞ்சுது. இல்லன்னா மிதிச்சிட்டே போயிருப்பேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் கிடக்கும் நாய்க்குத் தோல் பட்டை. காட்டுக்குள் கூட்டிப் போகும்போது மட்டும்தான், வேறு வேட்டைக்காரன் பார்த்து விலகட்டும் என்று ஆரஞ்சுப் பட்டையை மாட்டுவார்கள். சங்கிலியிலிருந்து நழுவி ஓடின நாய் பட்டை மாற்றிக்கொண்டு ஓடாது.

ஊரே அந்தப் பட்டையைப் பார்த்தது. முழுப் பூசணிக்காய் சோற்றுக்கு வெளியே கிடந்தும் ஒருவர் கண்ணிலும் படவில்லை, அவள் ஆட்டோமேட்டிக் என்று சொல்லிவிட்டதால்.

ஓர்பின் காடில் வீட்டுப் பின்புறம் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். சுரங்கத்தில் வேலை பார்த்த முதுகு, இன்னும் நேராகத்தான் இருந்தது. அவர்களைப் பார்த்ததும் கட்டையைக் கீழே வைத்தார்.

"வா தாயி. காபி போடட்டா?"

"வேண்டாம் மாமா."

நாய்க் கூண்டின் ஓரத்தில் சங்கிலி சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலே ஆணியில் பட்டனின் தோல் பட்டை தொங்கியது. அறுந்ததல்ல, கொக்கியைக் கழற்றி ஒழுங்காக மாட்டியது.

ஹோபர்ட் அதைப் பார்த்தான். பழக்க தோஷம், நாக்கு முந்திக்கொண்டது. "கெட்டிக்கார நாய்தான். தானே கொக்கியக் கழட்டி ஆணியில மாட்டிட்டுப் போயிருக்கு."

சொன்ன வேகத்திலேயே தலையைக் குனிந்துகொண்டான். ஓர்பின் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆரஞ்சுப் பட்டைய நான்தான் மாட்டுனேன்," என்றார் ஓர்பின்.

அவர் விறகுக் குவியல் மேல் உட்கார்ந்தார். "அணிலு உச்சிக் கெளையில இருந்துச்சு. மொதத் தோட்டா தப்பிடுச்சு. ரெண்டாவதும் மூணாவதும் தப்பிடுச்சு. ஒரு வருஷமாவே கண்ணுல மூடுபனி மாதிரி இருக்கு, நான் யார்கிட்டயும் சொல்லல. நாலாவது அதோட காலுல பட்டிருக்கும் போல, கீழ விழுந்து சரிவுல ஓடுச்சு. சருகுல சாம்பலா ஒண்ணு அசைஞ்சுது. சுட்டேன்."

காற்றில் நாய்க்கூண்டின் கதவு மெல்ல ஆடியது.

"சுட்டுட்டு, கூட்டத் தள்ளிட்டு, புதுசா அஞ்சு போட்டேன். கை தானா செஞ்சுது. அப்பறம்தான் நடந்து போய்ப் பாத்தேன். அணிலு பட்டன் வாயில இருந்துச்சு."

"அங்கயே விட்டுட்டு வந்துட்டீங்களா, மாமா?"

"அணில உருவி வீசிட்டு, பட்டன விட்டுட்டு ஓடியாந்தேன். அத எப்படித் தூக்கிட்டு ஊருக்குள்ள நடப்பேன்?" அவர் நிமிர்ந்து ஹோபர்ட்டைப் பார்த்தார். "நீ சிரிக்கலாம்டா. ஒனக்கு உரிமை இருக்கு."

ஹோபர்ட்டுக்கு உரிமை இருந்தது என்பதை ஆர்டித்தும் அறிவாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால், நாய் அவிழ்ந்து நிற்கும்போது தரையில் ஓடின அணிலை ஹோபர்ட் சுட்டான். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் கீழே நாய் நிற்கையில் தரையைப் பார்த்துச் சுடுகிறவன் கையில் கவட்டைகூட இருக்கக் கூடாது என்று, வேட்டைக்கு வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் சொல்லி ஓர்பின் அவனைத் திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து அவனை யாரும் வேட்டைக்குக் கூப்பிட்டதில்லை. அவன் ஜோக்கடிக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய அப்போதுதான்.

"சிரிப்பு வரல, ஓர்பின் மாமா," என்றான் ஹோபர்ட். அவன் குரலில் கிண்டல் இல்லை.

ஆனைக்கும் அடி சறுக்கும். சறுக்கியதை யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை. அடுத்தவள் தலையில் விழுந்ததைத்தான் ஆர்டித்தால் ஏற்க முடியவில்லை. "டாம்சி பேரு அடிபட்டப்ப எப்படி மாமா சும்மா இருந்தீங்க?"

ஓர்பின் ஒரு மரச்செதிலை உரித்துக்கொண்டிருந்தார்.

"திங்கக்கெழமை காலையில சொல்லிடணும்னுதான் கடைக்கு வந்தேன். கதவத் தொறக்கறேன், நீ அந்த டப்பாவக் கையில வெச்சுக்கிட்டு ஆட்டோமேட்டிக்குனு சொல்ற. எல்லாரும் தலையாட்டுனாங்க. நின்னு நின்னு கால் கடுத்தவனுக்கு ஒக்கார எடம் கெடச்ச மாதிரி இருந்துச்சு தாயி. ஒக்காந்துட்டேன்."

அவள் ஒரு நிமிஷம் தாமதித்திருந்தால் அவர் சொல்லியிருப்பார். அவளுடைய கெட்டிக்காரத்தனம்தான் அவருக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவத்திலும் தனக்குப் பாதிப் பங்கு என்று ஆர்டித்துக்குப் புரிந்தபோது அவளும் அந்த விறகுக் குவியல் மேலேயே உட்கார வேண்டியதாயிற்று.

"ஒண்ணு கேக்கறேன்," என்றார் ஓர்பின். "நீயே ஷெரிஃப்கிட்டத் தனியா சொல்லிடு. டாம்சி துப்பாக்கியத் திருப்பிக் குடுத்துடுவாரு. போர்டுல மனுவ எடுத்துடுவாங்க. யாரு என்னன்னு ஊருக்குத் தெரிய வேண்டாம். ஒன் வார்த்தையும் தப்பாப் போனது தெரிய வேண்டாம்."

நல்ல யோசனை. அவளுக்கே அது வரும் வழியில் தோன்றியிருந்தது, ஆரஞ்சுப் பட்டைக்கு அப்புறம், வண்டி கல்லுப் பாதையில் குலுங்கும்போது. ஷெரிஃப் வாயை மூடிக்கொள்வார். டாம்சிக்கு வேலை நிற்கும். துப்புச் சொன்னால் தப்பாது என்கிற பெயரும் நிற்கும். அந்த யோசனை வந்ததை நினைத்து இப்போது அவளுக்கு உடம்பு கூசியது.

"அப்ப அவ காதுல குரைச்சுதுங்களே, அந்தப் புள்ளைங்களுக்கு யாரு மாமா சொல்றது?"

ஓர்பின் விறகைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய், ஞாயிற்றுக்கிழமைச் சபைக்குப் போடுகிற தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தார்.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம். மூவரும் காத்திருந்த நேப்பியர் கடைக்கு முன்னால் இரண்டு வழிச் சாலையில் டாம்சியின் பேருந்து வந்து நின்றது. விளக்குகள் மினுக்கின, பக்கவாட்டில் சிவப்புப் பலகை நீண்டது. அந்தப் பலகை நீண்டால் எதிரும் புதிருமாக வருகிற எல்லா வண்டியும் நின்றாக வேண்டும், மடங்குகிற வரை ஓர் இஞ்ச்கூட நகரக் கூடாது. ஷெரிஃபுக்கும் அதே சட்டம்தான். பின்னால் ஒரு பிக்கப், இரண்டு கார். எதிரே நிலக்கரி லாரி, அதன் வாலில் இன்னும் சில.

கதவு திறந்தது. இறங்க இருந்த பிள்ளைகள் படிக்குக் கீழே ஓர்பினைப் பார்த்து நின்றுவிட்டார்கள். அவர் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டார்.

"டாம்சி. பட்டனச் சுட்டது நான்தான்."

ஸ்டியரிங்கில் இருந்த அவள் கை அசையவில்லை. அழுவாள் என்று ஆர்டித் எதிர்பார்த்தாள், அல்லது திட்டுவாள் என்று. டாம்சி தலைக்கு மேலிருந்த நீளக் கண்ணாடியில் பின் வரிசைகளைப் பார்த்தாள்.

"பின் சீட்டுக்குக் கேக்கல," என்றாள்.

ஓர்பின் ஒரு படி ஏறினார். "என் நாய நான்தான் சுட்டேன்," என்றார், சபையில் ஜெபம் சொல்கிற குரலில். "தரையப் பாத்துச் சுட்டேன். சுட்டுட்டுப் பொய் சொன்னேன். இந்தப் பொண்ணு மேல பழி விழுந்தப்ப வாய மூடிக்கிட்டு ஒக்காந்திருந்தேன்."

முன் சீட்டில் இருந்த ஒரு பையன் தன் ஷூவையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான், அவன் காதெல்லாம் சிவந்திருந்தது.

"நான் சொன்னதும் தப்பு, டாம்சி," என்றாள் ஆர்டித் கீழேயிருந்து. "பாக்காமலே சொன்னேன்."

டாம்சி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தார்கள். இறங்க வேண்டியவர்கள் எல்லாரும் இறங்கியாயிற்று. பலகை மட்டும் மடங்கவில்லை.

பின்னாலிருந்த பிக்கப்காரன் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினான். "என்னவாம் அங்க? வழி கெடைக்குமா, கெடைக்காதா?"

டாம்சி பலகையின் விசை மேல் கை வைத்தாள், ஆனால் அழுத்தவில்லை. "அன்னைக்குக் கடையில இருந்தவங்கதான் அந்த வண்டிகள்லயும் இருக்காங்க," என்றாள். "நான் அவசரப்படல."

ஓர்பின் சாலையின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். வண்டிகள் சேர்ந்துகொண்டே இருந்தன. ஹோபர்ட் அவர் முழங்கையைப் பிடித்துப் படியிலிருந்து இறக்கிவிட்டான்; விடாமல் பிடித்தபடியே பிக்கப்பை நோக்கிக் கூட நடந்தான்.

எதிர்ப்பக்கம் ஆர்டித்துக்கு மிஞ்சியது. அவள் நிலக்கரி லாரியின் அருகே போய்க் கதவைத் தட்டினாள். டிரைவர் கண்ணாடியை இறக்கினான்.

"திங்கக்கெழமை கடையில நான் சொன்னது தப்பு," என்றாள்.

"என்னக்கா? இன்ஜின் சத்தத்துல கேக்கல."

ஆர்டித் இன்னும் சத்தமாகச் சொன்னாள்.